சாத்திய அறைக்குள் அக்கி

போடியில் எங்கள் வீட்டு மாடியில் ஒரே ஓர் அறைதான் உண்டு. ஒரு கட்டில், ஒரு நாற்காலி, சுவரலமாரி, ஒட்டினாற்போல் குளியலறை. இவை போக நடப்பதற்கு எட்டடி இடம் மிஞ்சும். ஏறக்குறைய ஒரு வருடம் அந்த எட்டடியில்தான் நடந்தேன்.

அதற்கு முன்னால் நான் ஓரிடத்தில் இருக்கிற ஆள் இல்லை. போடிமெட்டைத் தாண்டி எங்களுக்கு நான்கு ஏக்கர் ஏலத்தோட்டம் இருக்கிறது. விடிகிற நேரத்தில் ஜீப்பில் ஏறினால் வளைவுகளில் தூங்கி வழிந்துகொண்டே மேலே போய்ச் சேர்ந்துவிடுவேன். சாயங்காலம் இறங்கும்போது சட்டையெல்லாம் பச்சை ஏலக்காய் வாசம் அடிக்கும். என் மனைவி ஊருக்குள் ஓர் அங்கன்வாடியில் வேலை பார்க்கிறாள். எங்களுக்குப் பிள்ளை இல்லை. கல்யாணமாகி இருபத்திரண்டு வருடத்தில் அதைப் பற்றிப் பேச வேண்டியதையெல்லாம் பேசி முடித்துவிட்டோம் என்றுதான் நினைத்திருந்தேன்.

கழுத்தில் ஒரு கட்டி வந்தது. நெறிகட்டி என்று நினைத்துச் சுண்ணாம்பு தடவிக்கொண்டு இரண்டு மாதம் மலைக்குப் போய்வந்தேன். நிணநீர்ச் சுரப்பியில் வரும் புற்றுநோய் என்று மதுரையில் சொன்னார்கள். மருந்து ஏற்றினார்கள், கரைந்தது. எட்டு மாதத்தில் திரும்ப வந்தது. வேறு மருந்து ஏற்றினார்கள், அதற்கும் கொஞ்சம் அடங்கிவிட்டு மறுபடி வந்தது. அதன்பிறகுதான் சென்னைக்குப் போனோம். அங்கே ஒரு டாக்டரம்மா ஒரு தாளில் படம் போட்டு அந்தப் புதிய சிகிச்சையை விளக்கினார்.

என் ரத்தத்தை ஒரு கையிலிருந்து எடுத்து இயந்திரத்துக்குள் ஓட்டி, அதில் ஒரு வகை வெள்ளையணுக்களை மட்டும் பிரித்துக்கொண்டு, மீதியை மறு கையில் திருப்பி ஏற்றினார்கள். பிரித்த அணுக்களை ஆய்வுக்கூடத்தில் மாற்றியமைத்து, புற்றணுவை அடையாளம் கண்டு கொல்லும்படி செய்து, பெருக்கி, சில வாரம் கழித்து ஒரு சின்னப் பையில் கொண்டுவந்து எனக்கே ஏற்றினார்கள். அந்தப் பை காலியாக அரை மணி நேரம்கூட ஆகவில்லை. பிறகு ஐந்து நாள் காய்ச்சல் கொதித்தது. ஒரு பகல் முழுக்க என் மனைவியின் பெயர் எனக்கு நினைவுக்கு வரவில்லை. வேறு மருந்துகள் கொடுத்து அதை அடக்கினார்கள். அடுத்து எடுத்த ஸ்கேனில் எங்கேயும் கட்டி இல்லை.

ஊருக்குக் கிளம்பும்போது டாக்டரம்மா எங்களை உட்காரவைத்துப் பேசினார். ஏற்றிய அணுக்கள் புற்றணுவை மட்டும் கொல்லவில்லை, அதே இனத்தைச் சேர்ந்த நல்ல அணுக்களையும் சேர்த்துத்தான் தீர்த்திருக்கின்றன. நோய் எதிர்ப்புக்கு வேண்டியதைத் தயாரிக்கிறவை அவைதான். பிறந்த குழந்தைக்காவது தாயிடமிருந்து வந்த எதிர்ப்புச் சக்தி கொஞ்சம் இருக்கும், உங்களுக்கு அதுவும் இல்லை என்றார். ஒரு வருடத்துக்குக் கூட்டம் கூடாது, மண் கூடாது, புகை கூடாது, தோல் உரிக்காத பழம் கூடாது, பூ கூடாது, சின்னப் பிள்ளைகளின் பக்கத்தில் போகக் கூடாது. மட்கிய இலையும் ஈரமண்ணுமாகக் கிடக்கும் ஏலத்தோட்டத்தை நினைத்தே பார்க்கக் கூடாது.

இப்படித்தான் மாடி அறைக்கு வந்து சேர்ந்தேன். தேவாரத்தில் இருக்கும் என் அக்கா முன்கூட்டியே வந்து சுவரை வெள்ளையடித்து, ஜன்னலுக்கு வலை அடித்து வைத்திருந்தாள். சாப்பாட்டைப் படியின் மேல்தட்டில் வைத்துவிட்டு என் மனைவி ஒதுங்கி நிற்பாள். நான் வந்து எடுத்துக்கொள்வேன். பார்க்க வந்த சொந்தக்காரர்கள் தெருவில் நின்று அண்ணாந்து பார்த்துப் பேசிவிட்டுப் போனார்கள். சிலருக்கு அது மனத்தாங்கல். வீட்டுக்குள் விடாமல் வாசலோடு அனுப்புகிறாள் என்று அவளைத்தான் சொன்னார்கள், என்னைச் சொல்லவில்லை.

மூன்று மாதம் அவள் விடுப்பில் இருந்தாள். அதற்கு மேல் முடியவில்லை, வேலைக்குத் திரும்பினாள். திரும்பி வந்ததும் பின்வாசல் வழியாகப் போய்க் குளித்து, வேறு சேலை கட்டிக்கொண்ட பிறகுதான் அடுப்பங்கரைக்குள் நுழைவாள். நான் மேலே இருந்து அவளுடைய சத்தங்களைக் கேட்டுக்கொண்டிருப்பேன். கதவு, தண்ணீர், பாத்திரம். முதலில் அது துணையாக இருந்தது. போகப் போகக் காவல் மாதிரி ஆகிவிட்டது. அவள் தும்மினால் எழுந்து உட்கார்ந்துவிடுவேன். குளிக்கிற சத்தம் சீக்கிரம் நின்றுபோனால், சரியாகக் குளிக்கவில்லையோ என்று தோன்றும்.

ஆறு மணிக்கெல்லாம் எங்கள் தெரு வழியாக ஜீப்புகள் ஆளேற்றிக்கொண்டு மலைக்குப் போகும். ஆடிச் சாரல் தொடங்கி, மேலே காய் எடுப்பும் ஆரம்பித்துவிட்டது. என் தோட்டத்தைப் பக்கத்துத் தோட்டக்காரர் பார்த்துக்கொண்டார். செல்போனில் படம் அனுப்புவார். அதை நான் பெரிதாக்கிப் பெரிதாக்கிப் பார்ப்பேன்.

மாத்திரைகளைப் பற்றி இங்கே சொல்லியாக வேண்டும். ஒரு நாளைக்குப் பதினான்கு. பாக்டீரியாவுக்கு ஒன்று, பூஞ்சைக்கு ஒன்று, வைரஸுக்குக் காலையும் இரவும் ஒன்று, வயிற்றுக்கு, இதற்கு, அதற்கு. எதைச் சாப்பிட்டாலும் குமட்டிக்கொண்டே இருந்தது. ஐந்தாம் மாதம் ஒருநாள் கட்டிலில் உட்கார்ந்து அவற்றைப் பரப்பி வைத்துப் பார்த்தபோது எனக்கு ஒரு யோசனை வந்தது. நான் வெளியே போவதில்லை. என்னிடம் யாரும் வருவதில்லை. ஜன்னலுக்கு வலை. இந்த அறைக்குள் வைரஸ் எப்படி வரும்? வர முடியாத ஒன்றுக்கு எதற்காகத் தினமும் இரண்டு மாத்திரை?

அன்றிலிருந்து அந்த மாத்திரையை மட்டும் குளியலறையில் போட்டுத் தண்ணீர் ஊற்றிவிட்டேன். தினமும் இரவுச் சாப்பாடு கொண்டுவரும்போது அவள் கேட்பாள்:

“மாத்திரை போட்டாச்சா?”

“போட்டாச்சு.”

குமட்டல் ஒன்றும் குறையவில்லை. ஆனாலும் அந்த அறையில் நானாக எடுத்த முடிவென்று ஒன்று இருந்தது. அதை விட மனமில்லை.

ஒரு மாதத்துக்கு மேல் அப்படிப் போயிற்று. ஒரு திங்கள்கிழமை அவள் வேலையிலிருந்து வந்து, படியேறாமல் கீழே நின்றபடியே என்னைக் கூப்பிட்டாள். அங்கன்வாடியில் ஒரு பிள்ளைக்கு அம்மை போட்டிருக்கிறது. கண்டதும் வீட்டுக்கு அனுப்பிவிட்டாள். வரும் வழியிலேயே சென்னைக்குப் போன் போட்டுக் கேட்டும்விட்டாள். அவளுக்குச் சின்ன வயதில் அம்மை வந்திருக்கிறது, அதனால் அவள் மூலம் எனக்கு வர வாய்ப்பு மிகக் குறைவு என்றும், எதற்கும் மூன்று வாரம் தள்ளியிருக்கும்படியும் டாக்டரம்மா சொன்னாராம். அவர்தான் வைரஸ் மாத்திரையை விடாமல் சாப்பிடுகிறாரே, பயப்படாதீர்கள் என்றும் சொன்னாராம்.

அந்த இடத்தில் நான் சொல்லியிருக்கலாம். சரி என்று மட்டும் சொல்லிவிட்டுக் கதவைச் சாத்திக்கொண்டேன். அன்று இரவு மட்டும் அந்த மாத்திரையில் இரண்டைச் சேர்த்து விழுங்கினேன். அடுத்த நாள் அதுவும் மறந்துபோயிற்று.

நான்காம் நாள் தலையின் இடது பக்கம் சீப்பு வைக்க முடியவில்லை. முடியைக் கொத்தாகப் பிடித்து யாரோ இழுப்பதுபோல் இருந்தது. நெற்றிக்குள் விட்டு விட்டு மின்னல் வெட்டியது. மறுநாள் காலையில் கண்ணாடியில் பார்த்தேன். இடது புருவத்துக்கு மேல் சிவப்பாகத் தடித்து, அதன்மேல் கடுகு கடுகாக நீர்க் கொப்புளங்கள்.

கண்ணாடி முன் எவ்வளவு நேரம் நின்றேன் என்று தெரியாது. சாப்பாட்டுத் தட்டோடு அவள் படியேறி வரும் சத்தம் கேட்டதும் கதவைத் திறந்தேன். பாதிப் படியில் என் முகத்தைப் பார்த்து அவள் நின்றுவிட்டாள்.

“நீதான் கொண்டாந்துட்ட” என்றேன். “அம்மை போட்ட பிள்ளைன்னு தெரிஞ்சும் தூக்கியிருப்ப. பிள்ளையைத் தூக்காம ஒன்னால இருக்க முடியாதே.”

அவள் தட்டைப் படியில் வைத்தாள்.

“நான் இருக்கிறது ஒங்களுக்கு ஆகலைன்னா சிலமலைக்குப் போறேன். அக்காவை வரச் சொல்லிர்றேன். டாக்டரம்மாவுக்கு ஒடனே பேசுங்க.”

சிலமலையில் அவள் தம்பி வீடு இருக்கிறது. ஒரு பையில் சேலைகளை எடுத்துக்கொண்டு பஸ்ஸுக்குப் போனாள். ஜன்னல் வலை வழியாகத் தெருமுனை வரை அவள் போவதைப் பார்த்தேன். கூப்பிடவில்லை.

சென்னைக்கும் பேசவில்லை. பேசினால் மாத்திரையைப் பற்றிக் கேட்பார்கள். கேட்டுவிட்டு மறுபடியும் ஆஸ்பத்திரியில் படுக்கவைப்பார்கள். அந்த அறையை எவ்வளவு வெறுத்தேனோ அதைவிட அதிகமாக ஆஸ்பத்திரிக் கட்டிலுக்குப் பயந்தேன். அதனால் மனைவி போன் செய்து கேட்டபோது, பேசிவிட்டேன், பார்த்துக்கொள்ளலாம் என்கிறார்கள் என்று இன்னொரு பொய் சொன்னேன்.

அக்கா மத்தியானமே வந்துவிட்டாள். தேவாரத்தில் சோளக்காட்டுக்குள் யானை இறங்கியிருந்ததால் மாமாவைக் காவலுக்கு விட்டுவிட்டுத் தனியாகத்தான் வந்தாள். முகத்துணியைக் கட்டிக்கொண்டு மேலே வந்து பார்த்தவள், இது அம்மை இல்லை, அக்கி என்றாள். ஒரு பக்கமாக மட்டும் வந்திருக்கிறது, நடு நெற்றியைத் தாண்டவில்லை. எங்கள் பக்கத்தில் அக்கி வந்தால் பானை செய்கிற வேளாரைக் கூட்டிவந்து, காவியைக் குழைத்து அதன்மேல் எழுதச் சொல்வார்கள். அவளுக்கே இடுப்பில் வந்து அப்படி எழுதித்தான் போயிற்றாம். நானும் தலையாட்டினேன். அறையை விட்டு வெளியே போகாமல் முடிகிற வைத்தியம் எதுவானாலும் எனக்குச் சம்மதம்.

வேளார் வெளியூர் போயிருந்தார். மூன்றாம் நாள்தான் வந்தார். அதற்குள் இடது கண் வீங்கி மூடிக்கொண்டது. வலி தாங்காமல் சுவரில் தலையைச் சாய்த்தபடி உட்கார்ந்திருந்தேன். அறுபது வயதிருக்கும் அவருக்கு. காவிக் கிண்ணத்தையும் கோழியிறகையும் கீழே வைத்துவிட்டு, வாசலில் நின்றபடியே என்னை வெளிச்சத்துக்குத் திரும்பச் சொன்னார். வெகுநேரம் பார்த்தார். பிறகு கிண்ணத்தைக் கையில் எடுத்துக்கொண்டார்.

“நான் எழுத மாட்டேன், ஆத்தா” என்று அக்காவிடம் சொன்னார். “மூக்கு நுனியில ஒரு கொப்புளம் நிக்குது பாருங்க. இப்படி வந்தா கண்ணுக்குள்ள எறங்கிரும். எங்கப்பா இதே மாதிரி ஒருத்தருக்கு எழுதிவிட்டாரு, அவருக்குக் கண்ணு போச்சு. வெரசா ஆஸ்பத்திரிக்குக் கொண்டு போங்க.”

அவர் படியிறங்குவதற்குள் அக்கா என் மனைவிக்குப் போன் போட்டுவிட்டாள். என் மனைவி வேறு யாரையும் கேட்கவில்லை. சென்னைக்குப் பேசி, அவர்கள் சொன்ன மதுரை ஆஸ்பத்திரிக்குத் தகவல் கொடுத்து, ஒரு வாடகைக் காரோடு அரை மணி நேரத்தில் வாசலில் வந்து நின்றாள். நான் முதல் நாளே சென்னைக்குப் பேசவில்லை என்பது இதற்குள் அவளுக்குத் தெரிந்திருக்கும். காரில் முன்சீட்டில் உட்கார்ந்து, மதுரை வரை திரும்பிப் பார்க்காமல் வந்தாள்.

மதுரையில் என்னைப் பார்த்தவர் இளைஞர். என் பழைய தாள்களையெல்லாம் புரட்டிவிட்டுக் கேட்டார், வைரஸுக்கு எழுதிக்கொடுத்த மாத்திரையைத் தவறாமல் சாப்பிட்டேனா என்று.

எனக்கு முன்னால் அவள் பதில் சொன்னாள். “ஒருநாள் தவறினதில்லை சார். தெனமும் நான் கேட்டுருவேன்.”

டாக்டருக்கு அது குழப்பமாக இருந்தது. அப்படியானால் இந்த மருந்துக்கே கட்டுப்படாத வைரஸாக இருக்குமோ, வேறு கடுமையான மருந்து கொடுக்க வேண்டியிருக்கும், அது சிறுநீரகத்தைப் பாதிக்கும் என்று யோசித்தபடி எழுதத் தொடங்கினார். அவள் தைரியமாக அவரையே பார்த்துக்கொண்டிருந்தாள். இனியும் ஒளிய எனக்கு இடமில்லை.

“நான் போடலை” என்றேன். “ஒண்ணரை மாசமாப் போடலை.”

டாக்டர் பேனாவை வைத்தார். அவள் என் பக்கம் திரும்பவே இல்லை. ஏன் என்று அவர் கேட்டார். வெளியே போகாத எனக்கு வைரஸ் எங்கிருந்து வரும் என்று நினைத்ததாகச் சொன்னேன். இப்போதுகூட, மனைவி வேலை செய்யும் இடத்தில் ஒரு பிள்ளைக்கு அம்மை போட்டதால்தான் வந்தது என்றும் சொன்னேன். அதைச் சொல்லும்போது என் குரல் எனக்கே கேட்கவில்லை.

அவர் கோபப்படவில்லை. எனக்குச் சின்ன வயதில் அம்மை வந்ததா என்று கேட்டார். ஏழு வயதில் வந்தது. அந்த அம்மை உடம்பைவிட்டுப் போகவே இல்லை என்றார் அவர். கொப்புளம் உதிர்ந்து தலைக்குத் தண்ணீர் ஊற்றிய பிறகு அது நரம்பின் வேருக்குள் போய் ஒடுங்கிக்கொள்கிறது. உடம்பில் காவல் இருக்கிறவரை அங்கேயே கிடக்கிறது. அணுக்களை மாற்றி ஏற்றிய செல் சிகிச்சையில் அந்தக் காவல் சரிந்துவிட்டது. அது எழுந்துவிடாமல் இருக்கத்தான் அந்த மாத்திரை. எழுந்தது அக்கியாக அதே நரம்பின் வழியில் வந்திருக்கிறது, அதனால்தான் ஒரு பக்கம் மட்டும். அந்தப் பிள்ளையிடமிருந்து வந்திருந்தால் உடம்பெல்லாம் பரவியிருக்கும், அதுவும் நாலைந்து நாளில் வராது, இரண்டு வாரம் பிடிக்கும்.

“வெளியிலேருந்து யாரும் கொண்டு வரலை. இது ஒங்களோடதுதான்” என்றார்.

என்னைத் தனியறையில் போட்டார்கள். மாடி அறையைவிடச் சின்னது. ஜன்னல் திறக்காது. கதவில் ஒரு சதுரக் கண்ணாடி. மருந்தை ஒரு நாளைக்கு மூன்று முறை, ஒவ்வொரு முறையும் ஒரு மணி நேரம் சொட்டுச் சொட்டாக ஏற்றினார்கள். சிறுநீரகம் தாங்க வேண்டும் என்று உப்பு நீரை இறக்கிக்கொண்டே இருந்தார்கள். வைரஸ் மூளைக்குள் போயிருக்கிறதா என்று பார்க்க முதுகுத்தண்டில் ஊசி குத்தி நீர் எடுத்தார்கள். அந்த முடிவு வரும் வரை ஒன்றரை நாள், என் பெயரையும் அவள் பெயரையும் மாறி மாறிச் சொல்லிப் பார்த்துக்கொண்டு படுத்திருந்தேன். எழுந்து ஓட வேண்டும் என்று இருக்கும். எங்கே ஓடுவது? எதற்குப் பயந்து கதவைச் சாத்திக்கொண்டு கிடந்தேனோ அது நாற்பத்தைந்து வருடமாக எனக்குள்ளேயே இருந்திருக்கிறது. நான் ஜீப்பில் போகும்போதும் கூடவே வந்திருக்கிறது. கல்யாணத்துக்கும் வந்திருக்கிறது. அதை விட்டுவிட்டு நான் போகக்கூடிய இடம் எதுவும் இல்லை.

முதுகுநீரில் ஒன்றும் இல்லை என்று வந்தது. அதைச் சொல்ல அவள் உள்ளே வந்தாள். முகமூடி, கையுறை, நீல அங்கி, கண்கள் மட்டும் தெரிந்தன. இரண்டு நாளாக அவள் என்னோடு பேசியிருக்கவில்லை. சொல்லிவிட்டுப் போகாமல் கட்டிலின் கால்மாட்டில் நின்றாள்.

“மாத்திரை போடாதது, பொய் சொன்னது, அதெல்லாம் கூடப் போகட்டும்” என்றாள். “பிள்ளையைத் தூக்காம இருக்க முடியாதுன்னு சொன்னீங்களே. அதை நான் எங்க கொண்டுபோய் வைக்கிறது?”

மன்னித்துவிடு என்ற சொல்லை எங்கள் வீட்டில் யாரும் யாரிடமும் சொல்லிப் பழக்கமில்லை. சொன்னேன். அவள் சொட்டு மருந்து தீர்ந்துவிட்டதைப் பார்த்து நர்ஸைக் கூப்பிடப் போனாள்.

பதினாறு நாள் கழித்து வீட்டுக்கு வந்தோம். கண் போகவில்லை. கருவிழியில் ஒரு தழும்பு விழுந்திருக்கிறது, இடது கண்ணால் பார்த்தால் ஆவி படிந்த கண்ணாடி வழியாகப் பார்ப்பதுபோல் இருக்கும். நெற்றியில் கொப்புளம் ஆறினாலும் வலி போகவில்லை. காற்று பட்டால்கூடத் தீப்பட்டதுபோல் எரியும், அதற்கும் தனியாக மாத்திரை தின்கிறேன். மேலும் நான்கு மாதம் மாடியில் இருந்தேன். அவள் சாப்பாடு வைத்தாள், தள்ளி நின்றாள், தேவையானதைப் பேசினாள். ஒருநாள் தானாகவே, அந்தப் பிள்ளைக்கு அம்மை இறங்கித் தண்ணீர் ஊற்றி வெகுநாளாயிற்று, இப்போது நன்றாக ஓடி விளையாடுகிறது என்று சொன்னாள். நான் ஆணா பெண்ணா என்று கேட்டேன். பெண் என்றாள். அதன்பிறகு அங்கன்வாடியில் நடப்பதைக் கொஞ்சம் கொஞ்சமாகச் சொல்ல ஆரம்பித்தாள்.

புற்று இதுவரை திரும்பவில்லை. எதிர்ப்புச் சக்தி இன்னும் முழுதாக வரவில்லை, மாதம் ஒருமுறை மதுரைக்குப் போய் அதை ஏற்றிக்கொண்டு வருகிறேன். போன மாதம் அங்கே பக்கத்துக் கட்டிலில் கம்பத்துக்காரர் ஒருவர் இருந்தார். அவருக்கும் அதே செல் சிகிச்சை செய்யச் சென்னைக்கு அனுப்புகிறார்கள். என்னிடம் ஒவ்வொன்றாகக் கேட்டார், நானும் மறைக்காமல் சொன்னேன். அவருடைய மனைவி என் மனைவியிடம், திரும்பி வந்த பிறகு எப்படிப் பார்த்துக்கொள்ள வேண்டும் என்று கேட்டார்.

அவள் யோசித்தாள். “மாத்திரையைக் கையில குடுத்துட்டு, முழுங்குற வரைக்கும் நில்லுங்க” என்றாள். “கோவத்துல என்னமாச்சும் பேசுவாங்க. நீங்க சிலமலைக்குக் கிளம்பிராதீங்க.”

அந்த அம்மாவுக்குப் புரியவில்லை, சிலமலையா என்று கேட்டார். என் மனைவி சிரித்துவிட்டாள். நான் வலது கண்ணால் அவளைப் பார்த்துக்கொண்டிருந்தேன். நர்ஸ் வந்து எனக்கு ஊசியைக் கழற்றிவிட்டுப் பஞ்சை அழுத்திப் பிடிக்கச் சொன்னார். நான்கு மணி பஸ்ஸைப் பிடித்தால் கூட்டம் இருக்கும் என்று அடுத்த பஸ்ஸுக்கு உட்கார்ந்திருந்தோம்.